வேர்க்காத மனுஷன்

அந்தச் சட்டைக் கம்பெனியின் மேல்மாடியில் வேர்ப்பது குற்றம். அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை, ஒட்டவும் தேவையில்லை. வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது நெற்றியிலிருந்து ஒரு துளி துணியில் விழுந்து, அதன்மேல் பெட்டியும் ஓடிவிட்டால் போச்சு, மஞ்சளாக ஒரு வட்டம் நின்றுவிடும். சட்டை மறுபடி சலவைக்குப் போக வேண்டும். அதற்கு அங்கே "சொட்டு" என்று பெயர். யார் மேஜையில் சொட்டு விழுந்தது என்பதுதான் அந்த மாடியின் மானப் பிரச்சினை.

அதனால் அவர்களாகவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தண்ணீர் குடித்தால் வேர்க்கும், வேர்த்தால் சொட்டும், ஆகவே மதியச் சாப்பாடு வரை தண்ணீர் குடிக்கக் கூடாது. தொண்டை வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்து பெட்டியைப் பிடிக்க வேண்டியதுதான். கேட்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும். அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறவர்களுக்கு அது தொழில் நுணுக்கம்.

ஜன்னலைத் திறந்தால் என்ன கெட்டுப்போகும் என்று புதிதாக வந்தவர்கள் ஒரு தடவையாவது கேட்பார்கள். எதிரிலேயே மேம்பாலம். லாரியும் பஸ்ஸும் கக்கிக்கொண்டு போகிற புகை நேராக உள்ளே வந்து சட்டைமேல் கரித்தூளாக உட்காரும். சட்டை வெள்ளை, எனவே ஜன்னல் மூடியேதான் இருக்கும். வேலை முடிந்து தெருவில் இறங்கி அதே புகையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் வெறும் மனுஷர்கள்தானே, அவர்களை யார் மறுபடி சலவைக்கு அனுப்பப் போகிறார்கள்!

அங்கே நெடுநெடுவென்று ஒரு ஆள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் அவர் "லொள்ளு". வாயைத் திறந்தால் கிண்டல்தான். பாய்லர் புஸ்ஸென்று நீராவி விட்டால் "சம்பந்தியம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு" என்பார். மேஸ்திரி புதுச்செருப்பு போட்டுக்கொண்டு வந்தால் செருப்புக்கு வணக்கம் சொல்வார். ஒரு கிண்டலை அவிழ்த்துவிட்டதும் கண்ணை ஒரு சுற்றுச் சுற்றுவார், யார் சிரித்தது, யாருக்குப் புரியவில்லை என்று. கடைசியில் அந்தக் கண் எதிர்மேஜையில் சட்டை மடிக்கிற அவர் மனைவியிடம் வந்து நிற்கும். அவள் சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடிப்பாள். அதையும் பார்த்த பிறகுதான் அவருக்குத் திருப்தி.

அந்த வருஷத்து வெயில் பகலோடு போய்த் தொலையவில்லை. அவர்கள் குடியிருந்ததும் மொட்டைமாடித் தகர அறைதான். அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் பக்கத்து அலுவலகக் கட்டடத்தின் முதுகைப் பார்த்தபடி இருந்தது. அந்த முதுகு முழுக்க ஏசிப் பெட்டிகள். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் குளிர்வதற்காக அவை வெளியே தள்ளுகிற சூடெல்லாம் இவர்கள் பாய்க்கு வந்து சேர்ந்தது. தெருவில் இருந்த மரங்களைச் சாலை அகலப்படுத்த வெட்டியாயிற்று. விடிகிற நேரத்தில்கூடச் சுவரில் கை வைத்தால் சுட்டது. மகளைப் பரீட்சை முடிந்த கையோடு சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் போக இடமில்லை. அவர் தூங்கியே வெகுநாளாயிற்று. கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. நாலு நாள் லீவு போடுங்களேன் என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"லீவு போட்டு எங்க படுக்கறது? அங்கன்னா நின்னுகிட்டு வேகலாம், இங்க படுத்துகிட்டு வேகணும். எனக்கு நின்னுதான் பழக்கம்" என்றார். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

அன்று காலையில் அவருக்குத் தலைவலி. சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். மாடி ஏறும்போது நடுவில் ஒரு தடவை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயசாகிறது என்று சொல்லிவிட்டு ஏறினார். பாய்லர் சூடேறி, பெட்டிகள் ஓட ஆரம்பித்து, அரைப்பகல் ஆவதற்குள் எல்லோர் மேஜையிலும் சொட்டு விழுந்தது. அவர் மேஜையில் மட்டும் இல்லை. நெற்றி காய்ந்து கிடந்தது. தலையில் கட்டியிருந்த துண்டுகூட நனையவில்லை. மேஸ்திரி நல்ல மனுஷர், அவரும் அதே கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்தவர்தான். எல்லோரையும் கூப்பிட்டு அந்த நெற்றியைக் காட்டினார், உடம்பு பழகினால் இப்படித்தான், கற்றுக்கொள்ளுங்கள் என்றார். மனைவிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பின்னாளில் அந்தப் பெருமையை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்து, வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார். லொள்ளு இன்றைக்குப் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டார், சாயங்காலம் வரை விடமாட்டார் என்று மாடியே குஷியாகிவிட்டது. அந்த வேக்காட்டில் சிரிக்க ஏதாவது கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அவர் மேஜையிலிருந்து வந்த சட்டையைப் பார்த்தாள் மனைவி. ஒரு கை மட்டும் தகடு மாதிரி தேய்ந்திருந்தது. மறுகை கசங்கியபடியே கிடந்தது. அவர் கைக்கு இப்படி வராதே என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து "நீ", கோபம் வந்தால் "ஏய்" என்று கூப்பிடுகிற மனுஷன், கையைக் கட்டிக்கொள்ளாத குறையாகச் சொன்னார்.

"நீங்க எந்த ஸ்டாப்பு? கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க, பின்னால கூட்டம் வருது."

மாடி அதிர்ந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்காவுக்கு மரியாதை கிடைத்துவிட்டது என்று ஒரு பெண் கை தட்டினாள். மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவளுக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சரி, நாமும்தான் விளையாடிப் பார்ப்போமே என்று, "கடைசி ஸ்டாப்புல இறக்கி விடுங்க கண்டக்டர் சார்" என்றாள்.

அவர் தலையாட்டினார். காலருக்கு உள்ளே வைக்கிற அட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, டிக்கெட் மாதிரி கிழித்து அவளிடம் நீட்டினார். சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு அவர் கண்ணுக்காகக் காத்திருந்தாள். இதோ சுற்றும், சுற்றிவிட்டுத் தன்னிடம் வரும் என்று உதட்டைக்கூடக் கடித்துத் தயாராக வைத்திருந்தாள்.

கண் சுற்றவில்லை. சுவரில் எங்கேயோ ஒரு இடத்தில் குத்திட்டு நின்றது. யார் சிரித்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. அவள் என்னங்க என்று முழங்கையைத் தொட்டாள். தொட்ட வேகத்தில் கையை இழுத்துக்கொண்டாள். மனுஷ உடம்பு அப்படிச் சுடாது. துளி ஈரம் இல்லை, வெயிலில் போட்ட தகரம் மாதிரி காய்ந்து கொதித்தது.

"சிரிக்காதீங்க" என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள். "சிரிக்காதீங்க. இவரு விளையாடல."

அதையும் விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்கள். புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டி என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அப்போது கருகல் வாடை வந்தது. இஸ்திரிப் பெட்டி சட்டையின் முதுகில் அப்படியே நின்றிருந்தது. எந்தக் காலத்திலும் ஒரு சட்டையைக் கருக்காத கை அவருடையது. அவர் பெட்டியை விட்டுவிட்டு, கம்பியைப் பிடிப்பது போல் கையை மேலே தூக்கினார், பிடிக்க ஒன்றும் அகப்படாமல் மேஜையோடு சரிந்து தரையில் விழுந்தார். கால் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

சிரிப்பு நின்ற விதம் இருக்கிறதே, அது அவள் ஆயுசுக்கும் மறக்காது. எல்லோர் வாயும் சிரித்த அமைப்பிலேயே இருந்தது, சத்தம் மட்டும் போய்விட்டது.

ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார், அது கடைவாயில் வழிந்தது. இன்னொருவர் வலிப்பு என்றார், கையில் இரும்பைக் கொடுக்கச் சொன்னார். அவளுக்கு ஒன்றும் தெரியாது, வைத்தியமும் தெரியாது. இந்தச் சூடு இந்த உடம்பில் இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் தெரிந்தது. மேஜைமேல் இருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள். சுருக்கம் போகச் சட்டைக்கு அடிக்கிற விசிறிப் புட்டி. அவர் முகத்தில் அடித்தாள், கழுத்தில் அடித்தாள். அடித்த ஈரம் கண்முன்னாலேயே உலர்ந்தது. கை தட்டின பெண் தன் புட்டியோடு ஓடி வந்தாள். பிறகு எல்லோரும் வந்தார்கள். சுற்றி மண்டியிட்டு உட்கார்ந்து, சட்டைக்கு அடிப்பது போலவே ஆளாளுக்கு அவர்மேல் அடித்தார்கள்.

அது போதாது என்று அவளுக்குப் பட்டது. மடித்து, ஊசி குத்தி, உறையில் போட அடுக்கி வைத்திருந்த சட்டைகளை அள்ளினாள். காலையிலிருந்து அவளே மடித்த சட்டைகள்தான். வாளியில் முக்கி எடுத்து அவர் நெஞ்சில், வயிற்றில், தொடை இடுக்கில், தலையில் போட்டாள். மேஸ்திரி ஐயோ என்று வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டு போய் அடுத்த அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை அவளிடம் கொடுத்துவிட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாக அடித்துத் திறந்தார். துருப்பிடித்த ஒன்றைக் காலால் உதைத்துத் திறந்தார். புகை உள்ளே வந்தது, கூடவே கொஞ்சம் காற்றும் வந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. அது மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் நிற்கிறதாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களாலேயே சொல்ல முடியவில்லை. இங்கே மட்டுமல்ல, அன்றைக்கு ஊரெங்கும் அதே கூப்பாடுதானாம். காத்திருந்தால் ஆள் மிஞ்ச மாட்டார் என்று மேஸ்திரி சொல்லவில்லை, அவர் முகம் சொன்னது. நாலு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள். சட்டை ஏற்றுகிற மூடு வண்டி கீழே நின்றது. அதன் கதவுகள் இரண்டையும் பின்னால் விரியக் கட்டிவிட்டு, மேஸ்திரியே ஓட்டினார்.

வண்டி நகர்ந்தால்தானே! நாலு பக்கமும் ஹாரன். சாலையிலிருந்து அனல் எழும்பி வண்டிக்குள் வந்து படுத்துக்கொண்டது. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அவர்மேல் கிடந்த சட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்திலிருந்து உலர ஆரம்பித்தன. சாம்பல் நிறமாக இருந்த ஈரம் சுருங்கிச் சுருங்கி, வெள்ளை ஏறிக்கொண்டே வந்தது. அவள் புட்டியை எடுத்து அழுத்தினாள், வெறும் காற்றுதான் வந்தது. கடைசி ஸ்டாப்பு என்று சொன்ன வாயை என்ன செய்வது? அந்த வாயாலேயே, இல்லை, நான் சும்மாதான் சொன்னேன், நான் சும்மாதான் சொன்னேன் என்று அவர் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்தில் ஒரு பஸ் நின்றிருந்தது. ஜன்னலோரத்தில் இருந்த ஒரு அம்மாவைப் பார்த்துத் தண்ணீர் என்று கையைக் காட்டினாள். அந்த அம்மா புட்டியை நீட்டுவதற்குள் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டாள். பார்த்ததும் உள்ளே திரும்பி என்னமோ சொன்னாள். ஜன்னலுக்கு ஜன்னல் கைகள் வந்தன. குடிக்க வைத்திருந்த தண்ணீரை வரிசையாக அவர்மேல் ஊற்றினார்கள். முகம் தெரியாத ஜனங்கள். அவளுக்கு அழுகை வந்தது அப்போதுதான்.

ஆஸ்பத்திரியில் அவரை ஐஸ்கட்டி வைத்த படுக்கைக்கு மாற்றினார்கள். அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் வரிசையாக அதே மாதிரிப் படுக்கைகள். சாலையில் தார் போடுகிற உடுப்போடு ஒருவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே கொண்டுவந்த ஒரு பையன், சமையல்கட்டு ஏப்ரனோடு ஒரு பெண். நம் வீட்டுக்கு மட்டும்தான் இந்த இடி விழுந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு, இத்தனை பேரைப் பார்த்ததில் ஆறுதல் வர வேண்டும். வரவில்லை. பயம்தான் பெருகியது. இது இவர் உடம்புக்கு வந்த நோய் இல்லை, ஊருக்கே பிடித்தது என்றால் இதிலிருந்து எங்கே ஓடுவது?

டாக்டரம்மா சின்ன வயசு. அவரை எத்தனை நாள் தூங்காமல் விட்டீர்கள், தண்ணீர் குடித்தாரா என்று கேட்டார். சொட்டு விழாமல் இருக்கக் குடிக்க மாட்டோம் என்று அவள் சொன்னதை அந்தப் பெண் நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வேர்வைதான் உடம்பைக் குளிர வைக்கிறது, அது நின்றுபோனால் உள்ளே அடுப்பு எரிகிற மாதிரி, மூளை வரை வெந்துவிடும் என்று விளக்கினார். ஈரத்துணி போட்டுக் கொண்டுவந்ததால்தான் உயிர் இருக்கிறது என்றும் சொன்னார். அவளுக்கு அந்தப் பாராட்டு காதில் ஏறவில்லை. காய்ந்த நெற்றியைச் சுற்றி நின்று எல்லோரும் மெச்சிக்கொண்டது மட்டும் கண்ணில் நின்றது.

அவர் பிழைத்துக்கொண்டார். கண் விழித்ததும் அவளைத் தெரிந்துகொண்டார், மகள் பெயரைச் சொன்னார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பேச்சு மெதுவாக, வார்த்தை வார்த்தையாகத் தேடி வந்தது. எழுந்து நின்றால் முழங்கால் ஆடியது. நர்ஸ் என்ன சொன்னாலும் தலையாட்டினார். பக்கத்துப் படுக்கைக்காரர் ஏதோ வேடிக்கையாகச் சொன்னபோது, சிரிக்க வேண்டும்போல என்று புரிந்துகொண்டு சிரித்தார். நாள்பட்டால் சரியாகிவிடும் என்றார்கள்.

பிறகு ஒரு மத்தியானம், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். படுக்கைக்கு ஆள் காத்திருக்கிறது. அவள் பையை எடுத்து வைக்கும்போது டாக்டரம்மா வந்தார்.

"ஒரு தடவை இப்படி அடி வாங்கின உடம்பு, அடுத்த தடவை இவ்வளவு நேரம்கூடத் தராது. வெயில் போற வரைக்கும் வேலைக்கு அனுப்பாதீங்க. குளுமையான எடத்துல வெச்சுக்குங்க."

"குளுமையான எடம்னா எங்கம்மா?"

இவள் கிண்டலாகவோ கோபமாகவோ கேட்கவில்லை, வழி கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தகர அறையைச் சொன்னாள், ஜன்னலுக்கு எதிரே இருக்கிற ஏசிகளைச் சொன்னாள். தங்கை வீட்டில் ஒரே அறையில் மகளோடு சேர்த்து ஆறு பேர் படுப்பதைச் சொன்னாள். எங்கே என்று நீங்கள் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார் டாக்டரம்மா. அவர் கண்ணும் தளும்பிவிட்டது. உடனே யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அவரைத் தோளோடு அணைத்து நடைவழியாகக் கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே உள்ளேயிருந்து வருகிற குளிர் கொஞ்சம் தங்கியிருந்தது. வாசல் கதவு திறந்து திறந்து மூடியது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வெளியிலிருந்து அனல் முகத்தில் அடித்தது. சாலை வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. அவர் வாசல்படியில் நின்றார். இனி என்ன, வேலைக்குப் போகணும் என்று அடம் பிடிப்பார், இல்லை ஏதாவது உளறிச் சிரிக்க வைப்பார் என்று அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தப் பிடி அவளுக்கு வலித்தது.

"வெளிய வேண்டாம்" என்றார். "எனக்கு பயமா இருக்கு."

கடன்காரன் வந்தபோதும், மகள் ஜன்னியில் கிடந்தபோதும், அப்பா செத்தபோதும்கூட அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். பொய் சொல்ல வரவில்லை.

திரும்பிப் பார்த்தபோதுதான் நடைவழிச் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களைச் சரியாகப் பார்த்தாள். இத்தனை நாளும் அவர்களை நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக் கடந்து போயிருந்தாள். எல்லோர் புறங்கையிலும் ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. எல்லோர் பக்கத்திலும் ஒரு பை. தார் போடுகிற ஆளும் அங்கே இருந்தார். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்தான் அத்தனை பேரும்.

அன்றைக்கு ஏப்ரனோடு உள்ளே கிடந்த பெண் அவர்களை அண்ணாந்து பார்த்தாள். தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. விரட்ட சாயங்காலம்தான் வருவாங்க."

சாயங்காலத்துக்கு அப்புறம் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்கவில்லை. புருஷனை மெல்லச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள். அவருக்கும் வாசல் கதவுக்கும் நடுவில், அனல் தன்மேல் அடிக்கிற மாதிரி அவளும் உட்கார்ந்துகொண்டாள்.